கோபுரம் எந்த ஊரு? பேரு யாரு குடுத்தது?

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா தூசு படிஞ்சு கிடந்த கடையைத் திறந்து ஒரு பதிவு போட்டுடலாம்னு உட்கார்ந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்து படிங்க மக்கா.

போன ஞாயித்துக்கிழமை பள்ளிக்கரணையில எங்க வீட்டுல ஒரு போர் நடந்தது. காரணம், அக்கா பையன். ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். "நமது மாநிலச் சின்னங்கள்"னு ஒரு சார்ட் பண்ணிட்டு வரச் சொல்லி இருக்காங்க ஸ்கூல்ல. ஸ்டேஷனரி கடையில சின்னச் சின்னப் படமா அச்சடிச்சு ஒரு ஷீட் விப்பாங்களே, அதை வாங்கி, வெட்டி, பெவிக்கால் தடவி ஒட்டணும். வழக்கம் போல வேலை நம்ம தலையில.

வரையாடு ஒட்டியாச்சு. மரகதப்புறா ஒட்டியாச்சு. செங்காந்தள், பனைமரம், பலாப்பழம், கபடி எல்லாம் ஆச்சு. கடைசியா அரசு முத்திரை. கோபுரம், அதுக்கு முன்னாடி நாலு சிங்கத் தூண், ரெண்டு பக்கமும் தேசியக் கொடி, மேல "தமிழ்நாடு அரசு", கீழ "வாய்மையே வெல்லும்". பையன் கேட்டான்:

"மாமா, இது எந்த ஊரு கோயிலு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்டா. நம்ம மாவட்டம்!" (எனக்கு சாத்தூர் பக்கம். விருதுநகர் மாவட்டம்னு சொல்லிக்க இருக்கிற ஒண்ணு ரெண்டு பெருமையில அது ஒண்ணு.)

ஹால்ல டிவி பாத்துக்கிட்டு இருந்த அத்தான் அப்படியே திரும்பினார். அத்தானுக்குச் சொந்த ஊர் மதுரை. இதுக்கு மேல நான் சொல்லணுமா?

"மாப்ள, அது மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம். தெரியலைன்னா சும்மா இரு."

அவ்வ்வ்வ். ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓடுச்சு. அக்கா வந்து ரெண்டு பேரையும் திட்டினப்புறம்தான் நின்னுது. சரி, ஆதாரத்தோட அத்தானை மடக்கணும்னு தேட ஆரம்பிச்சேன். தேடப் போனது கோபுரத்தை. கிடைச்சது வேற ஒருத்தர். அவர் எங்க மாவட்டத்துக்காரர், எனக்கு அவரைத் தெரியவே தெரியாதுங்கறதுதான் இந்தப் பதிவே. முதல்ல கோபுரக் கணக்கை முடிச்சுடறேன்.

கோபுரம்

சுதந்திரம் வந்த புதுசுல சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரா (அப்போ பிரீமியர்னு சொல்வாங்க) இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவர் காலத்துல, 1948-49 வாக்குல, வெள்ளைக்காரன் முத்திரையைத் தூக்கிட்டு நமக்குன்னு ஒண்ணு வேணும்னு முடிவாச்சு. பக்கத்து மாநிலங்களைப் பாருங்க. கர்நாடகத்துக்கு மைசூர் உடையாரோட கண்டபேருண்டப் பறவை. கேரளத்துக்குத் திருவிதாங்கூர் ராஜாவோட சங்கு. ராஜா வீட்டு முத்திரை அப்படியே அரசாங்கத்துக்கு வந்துடுச்சு. நம்ம பக்கம் மாகாணத்தோட பெரும்பகுதி கும்பினி காலத்துல இருந்தே நேரடி வெள்ளைக்காரன் ஆட்சி. வாங்கிக்கிறதுக்கு ராஜா முத்திரை எதுவும் கைவசம் இல்லை. புதுசாதான் யோசிக்கணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை வைக்கலாம்னு யோசனை சொன்னவர் ரசிகமணி டி.கே.சி.ன்னு சொல்றாங்க. வரைஞ்சவர் ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ். இவர் மதுரைக்காரர்! அத்தான் கட்சிக்கு ஒரு பாயிண்ட். மதுரை மேற்குக் கோபுரத்தை மனசுல வச்சுத்தான் வரைஞ்சேன்னு அவரே சொன்னதா பத்திரிகைகள்ல வந்திருக்கு. அத்தானுக்கு ரெண்டாவது பாயிண்ட். ஆனா பாடப் புத்தகத்துல இருந்து பொது அறிவுப் புத்தகம் வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்னுதான் போட்டிருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்குப் பதினோரு நிலை, மதுரை மேற்குக் கோபுரத்துக்கு ஒன்பது. எண்ணிப் பாத்துட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முத்திரை அளவுக்குச் சுருக்கின படத்துல நிலையை எண்ணி வழக்குல ஜெயிக்க முடியாதுங்க. நானும் அத்தானும் லென்ஸ் வச்சுப் பாத்துட்டோம் :)

எந்த ஊருங்கறதை விட எனக்குச் சுவாரஸ்யமாப் பட்டது வேற. மதச்சார்பில்லாத அரசாங்கம்னு சொல்லிக்கிட்டு கோயில் கோபுரத்தை முத்திரையா வைக்கலாமான்னு அப்பவே எதிர்ப்பு வந்திருக்கு. இது ஒரு மதத்தோட அடையாளம் இல்லை, இந்த மண்ணோட கட்டடக்கலைன்னு பதில் சொல்லி டெல்லியில ஒப்புதல் வாங்கினாங்க. அதுக்கப்புறம் 1967-ல ஆட்சிக்கு வந்தது பகுத்தறிவுப் பாசறையில வளர்ந்த கட்சி. அவங்க கோபுரத்தை எடுத்துடுவாங்கன்னுதானே நினைப்போம்? எடுக்கலை. முத்திரையில எழுத்து தமிழாச்சு, மாநிலத்தோட பேர் மாறுச்சு. கோபுரம் மட்டும் இருந்த இடத்துல நின்னுது. இன்னிக்கும் ரேஷன் கார்டு, மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ்னு நம்ம பீரோவுல இருக்கிற பாதிக் காகிதத்துல அதுதான் நிக்குது.

இன்னொரு கூத்தும் இருக்கு. முத்திரையில கோபுரம், ஆனா அரசாங்கம் உட்கார்ந்திருக்கிறது ஜார்ஜ் கோட்டையில. 1639-ல இடம் வாங்கி கிழக்கிந்தியக் கம்பெனி கட்டின கோட்டை. அதை விட்டு வெளிய வரணும்னு 2010-ல புதுச் சட்டசபை வளாகம் திறந்தாங்க. எங்க? ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துல. கோபுர முத்திரை குடுத்தாரே, அதே ஓமந்தூரார். ஒரு வருஷம் சபை அங்க நடந்தது. 2011-ல ஆட்சி மாறினதும் மறுபடி கோட்டைக்கே போயிட்டாங்க. அந்தக் கட்டடம் 2014-ல பல்நோக்கு மருத்துவமனை ஆயிடுச்சு.

பேரு

இப்போ மேட்டருக்கு வர்றேன். முத்திரையில மேல எழுதி இருக்கிற வார்த்தை, "தமிழ்நாடு". சார்ட்ல ஒட்டுறதுக்கு வரையாட்டுக்குப் படம் இருக்கு, புறாவுக்குப் படம் இருக்கு. இந்தப் பேருக்குப் படம் கிடையாது. ஆனா இந்தச் சின்னங்கள்லயே ஒரு உயிர் போய் வாங்கினது இந்தப் பேர் மட்டும்தான்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியா மாநிலம் பிரிஞ்சதுன்னு நமக்குத் தெரியும். ஆந்திரா 1953-லயே தனியாப் போயாச்சு. மலபார் கேரளாவோட, தென் கனரா மைசூரோட, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோட. மிச்சம் இருக்கிறதுல பெரும்பாலும் தமிழ் பேசறவங்க. ஆனா பேர் மட்டும் பழைய "மெட்ராஸ் ஸ்டேட்".

இதை மாத்தி தமிழ்நாடுன்னு வைக்கணும்னு 1956 ஜூலை 27-ஆம் தேதி விருதுநகர்ல ஒருத்தர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பேர் சங்கரலிங்கனார். விருதுநகர் பக்கத்துல மண்மலைமேட்டுல பிறந்தவர். அறுபது வயசு தாண்டினவர். எதிர்க்கட்சிக்காரர் இல்லை, காந்தியவாதி, பழைய காங்கிரஸ்காரர். பன்னிரண்டு கோரிக்கை வச்சார். மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர், ஆட்சி மொழியாத் தமிழ், பதவியில இருக்கிறவங்க ஆடம்பரம் இல்லாம எளிமையா இருக்கணும்... இப்படிப் போகுது அந்தப் பட்டியல். சிலது மாநில அரசு கையில இருந்தது, சிலது மத்திய அரசு கையில.

அப்போ முதலமைச்சர் காமராஜர். அவருக்கும் விருதுநகர்தான் ஊர். ஒரே ஊரு, ஒரே கட்சி. ஒருத்தர் கோட்டையில, இன்னொருத்தர் தேசபந்து மைதானத்துல பட்டினியா.

அண்ணா உட்பட பல தலைவர்கள் நேர்ல வந்து உண்ணாவிரதத்தை விடச் சொல்லிக் கேட்டாங்க. விடலை. ரெண்டரை மாசம் போச்சு. கடைசியில மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அக்டோபர் 13-ஆம் தேதி இறந்துட்டார். தன் உடலைக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்ககிட்ட ஒப்படைக்கணும்னு அவர் விருப்பம் சொல்லி இருந்தார். அப்படியே செஞ்சாங்க. வாழ்நாள் பூரா காங்கிரஸ்காரரா இருந்த ஒரு மனுஷன் கடைசியில அப்படிச் சொல்றார்னா மனசு எவ்வளவு வெறுத்துப் போயிருக்கும்?

அவர் இறந்து பத்தொன்பதாவது நாள் நவம்பர் 1. புது மாநிலம் பிறந்தது. பேர், மெட்ராஸ் ஸ்டேட்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். விருதுநகருக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கேன். ஸ்கூல் படிக்கும்போது, காலேஜ் லீவுல, சொந்தக்காரங்க கல்யாணத்துக்குன்னு. விருதுநகர்னா எனக்கு எண்ணெய் பரோட்டா. ராத்திரி எந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னு கேளுங்க, மனப்பாடமாச் சொல்வேன். அந்த ஊர்ல ஒருத்தர் பட்டினி கிடந்து செத்துத்தான் நான் பாஸ்போர்ட்ல எழுதற மாநிலத்தோட பேர் வந்ததுன்னு எனக்குத் தெரியாது. பரீட்சைக்கு "1969"னு வருஷம் தெரியும். ரெண்டு மார்க் கேள்வி. எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். மனுஷன் பேரை மட்டும் விட்டுட்டேன். அத்தான்கிட்ட "நம்ம மாவட்டக் கோபுரம்"னு நெஞ்சை நிமித்திச் சண்டை போட்டேனே, அதே மாவட்டத்துக்காரர்தான் இவரும்.

சரி, கதைக்குத் திரும்புவோம். பேர் மாத்தறது ஏன் இவ்வளவு கஷ்டம்? நம்ம பாஷையில சொல்றதுன்னா, அட்மின் பாஸ்வேர்ட் நம்மகிட்ட இல்லை. அரசியலமைப்புச் சட்டம் மூணாவது பிரிவுப்படி ஒரு மாநிலத்தோட எல்லையையோ பேரையோ மாத்தற அதிகாரம் பாராளுமன்றத்துக்குத்தான். நம்ம சட்டசபை தீர்மானம் போட்டு ரிக்வெஸ்ட் அனுப்பலாம், அவ்வளவுதான். இன்னிக்கும் அதான் நிலைமை. 'கேரளா'வை 'கேரளம்'னு மாத்தறதுக்கு 2023-ல ஒரு தடவை, 2024-ல ஒரு தடவைன்னு அவங்க சட்டசபை தீர்மானம் போட்டுது.

1961-ல ஒரு பாதி வழி கண்டுபிடிச்சாங்க. தமிழ்ல எழுதும்போது தமிழ்நாடு, இங்கிலீஷ்ல எழுதும்போது மெட்ராஸ். வீட்டுல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேருங்கற மாதிரி. அதே சமயத்துல ராஜ்யசபாவுல பேரை மாத்தணும்னு ஒரு தனிநபர் மசோதா வந்தது. கொண்டு வந்தவர் தமிழர் இல்லைங்க. பூபேஷ் குப்தா, வங்காளத்துக் கம்யூனிஸ்ட். 1963-ல அதை ஆதரிச்சு அண்ணா பேசினார். பேரை மாத்தி என்னத்தைச் சாதிக்கப் போறீங்கன்னு சபையில கேட்டப்போ, பார்லிமெண்டை லோக்சபான்னும் பிரெசிடெண்டை ராஷ்டிரபதின்னும் மாத்தி நீங்க என்னத்தைச் சாதிச்சீங்கன்னு திருப்பிக் கேட்டார். கேள்விக்குச் சபையில பதில் இல்லை. ஓட்டு மட்டும் இருந்தது. மசோதா தோத்துப் போச்சு.

1967 தேர்தல்ல அண்ணா ஜெயிச்சார். அந்த வருஷம் ஜூலை 18-ஆம் தேதி சட்டசபையில தீர்மானம். ஒருமனதா நிறைவேறுச்சு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் ஒண்ணா நின்னாங்க. 1968-ல பாராளுமன்றம் சட்டம் போட்டுது. 1969 ஜனவரி 14, பொங்கலன்னிக்குப் பேர் அமலுக்கு வந்தது. அடுத்த இருபதாவது நாள், பிப்ரவரி 3-ஆம் தேதி அண்ணா இறந்துட்டார்.

ஒருத்தர் மாநிலம் பிறக்கிறதுக்குப் பத்தொன்பது நாள் முன்னாடி போயிட்டார். இன்னொருத்தர் பேர் வந்து இருபது நாள்ல போயிட்டார். இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

2023 ஜனவரியில ஒரு சர்ச்சை வந்தது ஞாபகம் இருக்கா? "தமிழ்நாடு"ங்கறதை விட "தமிழகம்"தான் பொருத்தம்னு ஆளுநர் ஆர்.என்.ரவி பேசினது. அந்த வருஷப் பொங்கல் அழைப்பிதழ்ல "தமிழக ஆளுநர்"னு அச்சாகி, மாநில முத்திரையும் இல்லாம வந்தது. ஒரே கொந்தளிப்பு. அப்புறம் பேரை மாத்தணும்னு நான் சொல்லலைன்னு விளக்கமும் குடுத்தார். அப்போ ஆபீஸ் கேண்டீன்ல நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தமிழகம்னு நாமளே தினம் சொல்றோம், பேப்பர்ல தினம் போடறான், சங்க காலத்து வார்த்தை. இதுக்கு ஏன்யா இவ்வளவு சத்தம்?" இப்போ அதை வாபஸ் வாங்கிக்கறேன். வார்த்தையில குத்தம் இல்லை. நானும் இனிமேலும் தமிழகம்னு சொல்லத்தான் போறேன். ஆனா ஒரு பேருக்கு யாரோ விலை குடுத்திருக்காங்கன்னா, அந்தப் பேரை வேண்டாம்னு சொல்ற மாதிரி ஒரு தொனி வந்தாலே வலிக்கத்தான் செய்யும். அந்த விலை என்னன்னு தெரியாதவனுக்குத்தான் அது வெறும் வார்த்தை விளையாட்டு. என்னை மாதிரி.

"தமிழ்நாடு நாள்" எதுங்கறதுலயும் சண்டை வந்தது. 2019-ல அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ன்னு சொல்லுச்சு. 2021-ல தி.மு.க. அரசு ஜூலை 18-ன்னு மாத்துச்சு. ஒண்ணு எல்லை பிறந்த நாள், இன்னொண்ணு பேருக்குத் தீர்மானம் போட்ட நாள். என்னைக் கேட்டா அக்டோபர் 13-ஐயும் காலண்டர்ல சின்னதா ஒரு புள்ளி வச்சுக் குறிக்கலாம்.

பாட்டும் கொடியும்

பேர் வந்தாச்சு, பாட்டு வேணுமே. 1970-ல கருணாநிதி அரசு தமிழ்த்தாய் வாழ்த்தைத் தேர்ந்தெடுத்தது. மனோன்மணீயம் சுந்தரனார் 1891-ல வெளியிட்ட நாடகத்துல வர்ற பாட்டு. கரந்தைத் தமிழ்ச் சங்கம் மாதிரி அமைப்புகள் அதுக்கு முன்னாடியே பாடிக்கிட்டு இருந்தாங்க. சுந்தரனார் பிறந்தது ஆலப்புழை, வேலை பாத்தது திருவனந்தபுரம். நம்ம மாநிலப் பாட்டு எழுதினவர் இன்னிக்கு இருக்கிற மாநில எல்லைக்கு வெளிய இருந்தவர்! பாட்டுல மத்த மொழிகளைப் பத்தி வர்ற சில வரிகளை எடுத்துட்டுத்தான் அரசு ஏத்துக்கிட்டுது. பக்கத்து வீட்டுக்காரன் மனசு நோகக் கூடாதுங்கற நினைப்பு அதுல தெரியுது. இசை எம்.எஸ்.விஸ்வநாதன், ராகம் மோகனம். 2021 டிசம்பர் 17-ல அதை "மாநிலப் பாடல்"னு அறிவிச்சு, 55 வினாடியில பாடணும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் எழுந்து நிக்கணும்னு அரசாணை வந்தது.

கொடி மட்டும் கிடைக்கலை. 1970 ஆகஸ்ட்ல டெல்லியில பத்திரிகைக்காரங்க முன்னாடி கருணாநிதி ஒரு கொடி வடிவத்தைக் காமிச்சார். ஒரு மூலையில தேசியக் கொடி, இன்னொரு மூலையில கோபுர முத்திரை. பிரிவினை வாசனை அடிக்குதுன்னு எதிர்ப்பு. அது அப்படியே அமுங்கிப் போச்சு. ஆனா அவர் சும்மா இருக்கலை. அதுவரைக்கும் சுதந்திர தினத்தன்னிக்கும் மாநிலத்துல கொடி ஏத்தறது ஆளுநர்தான். ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஏன் ஏத்தக் கூடாதுன்னு கேட்டு, எல்லா மாநில முதலமைச்சருக்கும் அந்த உரிமையை வாங்கிக் குடுத்தார். 1974 ஆகஸ்ட் 15-ல இருந்துதான் முதலமைச்சர்கள் கொடி ஏத்தறாங்க. தனக்குன்னு ஒரு கொடி கேட்டவர், கடைசியில தேசியக் கொடியை ஏத்தற உரிமையை வாங்கிட்டு வந்தார்.

இந்த இடத்துல ஒரு வெளிநாட்டுக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ப்ராஜெக்ட் விஷயமா மூணு மாசம் கோபன்ஹேகன்ல இருந்தேன். டீம்ல ஒருத்தர் ஐஸ்லாந்துக்காரர். மொத்த நாட்டுக்கும் நாலு லட்சம் பேர் கூடக் கிடையாது. நம்ம தாம்பரம் மாநகராட்சியில அதை விட ஜாஸ்தி. ஜூன் 17 அவங்க தேசிய தினம். அன்னிக்கு கேக் வெட்டிட்டு அவர் சொன்ன கதை இது. ஐஸ்லாந்து அப்போ டென்மார்க் ராஜா ஆட்சியில இருந்தது. 1913 ஜூன்ல ஒரு இளைஞர் ரெய்க்யவிக் துறைமுகத்துல சின்னத் துடுப்புப் படகுல நீலமும் வெள்ளையுமா ஒரு கொடியைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கார். டேனிஷ் காவல் கப்பல்காரங்க அதைப் பிடுங்கிட்டாங்க. செய்தி பரவினதும் ஊர் பூரா வீட்டுக்கு வீடு அதே கொடி! அந்த நீல வெள்ளை கிரேக்கக் கொடி மாதிரி இருக்குன்னு டென்மார்க் ராஜா சொல்ல, நடுவுல சிவப்பைச் சேத்து 1915-ல ஒப்புதல் வாங்கினாங்க. 1918-ல தனி நாடு அந்தஸ்து, 1944 ஜூன் 17-ல குடியரசு. ராஜா பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்த கொடி இல்லை, படகுல இருந்து பிடுங்கின கொடிங்கறதுல அவருக்கு அவ்வளவு பெருமை.

அவங்க முத்திரைக்கும் ஒரு கதை உண்டு. பழைய முத்திரையில என்ன இருந்தது தெரியுமா? கருவாடு! சத்தியமா. கிரீடம் வச்ச கருவாடு. மீனை வித்துப் பிழைச்ச தீவாச்சே. 1903-ல அதை எடுத்துட்டு வல்லூறு வச்சாங்க. 1919-ல அதையும் எடுத்துட்டு, பழங்கதையில தீவைக் காவல் காத்த டிராகன், பெரும்பறவை, காளை, மலை ராட்சசன்னு நாலு காவல் தெய்வத்தை வச்சாங்க. நம்ம ஊர் எல்லைச் சாமி மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்.

அவர் கதையை முடிச்சுட்டு, "உங்க மாநிலத்துக் கதை என்ன?"ன்னு கேட்டார். நான் கோபுரம், கோயில், பதினோரு நிலைன்னு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். எங்க பேருக்காக ஒருத்தர் பட்டினி கிடந்து செத்தார்ங்கறதைச் சொல்லி இருக்கலாம். தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. அந்த ஊர் இளைஞர் படகு எனக்கு இன்னிக்கும் மனப்பாடம். எங்க ஊர் மைதானம் தெரியலை.

பனை

மறுபடி சார்ட்டுக்கு வர்றேன். இந்த உயிருள்ள சின்னங்களும் சும்மா அழகுக்கு வச்சது இல்லை. செங்காந்தள்னா கவிதைப் பூன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுதான் கண்வலிக்கிழங்கு, விதையில இருந்து கோல்ச்சிசின்னு மருந்து எடுக்கறாங்க, அதுக்காகவே நம்ம ஊர்ல பயிர் பண்றாங்க. கிழங்கு கொடிய விஷம். வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் உண்டு. 2024-ல எடுத்த கணக்குல தமிழ்நாட்டுல 1,031. 2019-ல மாநிலப் பட்டாம்பூச்சின்னு ஒண்ணு சேத்தாங்க. பேரு தமிழ் மறவன். பேருக்காகவே ஒரு பதிவு போடலாம்.

பையனுக்குப் பிடிச்சது பனைதான். ஏன்னா அதை மட்டும்தான் அவன் நேர்ல பாத்திருக்கான். எங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில நின்னா ஒரு பக்கம் சதுப்பு நிலம் தெரியும். 2022-ல ராம்சர் பட்டியல்ல சேந்தது. இன்னொரு பக்கம் காலி மனையில மூணு பனை நின்னுது. போன வருஷம் காம்பவுண்ட் போடறேன்னு வந்த யாரோ ஒண்ணைச் சாச்சுட்டாங்க. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சாங்கன்னு இந்தத் தேடல்லதான் படிச்சேன். அன்னிக்கு நான் பால்கனியில நின்னு வேடிக்கை பாத்தேன். கேக்கணும்னு தோணலை. மாநில மரம்னு நான் படிச்சதும் ரெண்டு மார்க் கேள்விக்குத்தானே.

"மாமா, ஸ்டேட் ட்ரீன்னா அதை வெட்டலாமா?"ன்னு கேட்டான். வெட்டக் கூடாதுடான்னு சொன்னேன். "அப்போ நீ ஏன் சொல்லலை?"ன்னு கேப்பானோன்னு பயந்தேன். நல்லவேளை, கேக்கலை.

அன்னிக்கு ராத்திரி சார்ட்ல ஒரு கட்டம் காலியா இருந்தது. நடுவுல அவன் பெருசா ஸ்கெட்ச் பேனாவால "தமிழ்நாடு"ன்னு எழுதி இருந்தான். அதுக்குக் கீழதான் காலி. "இதுக்கு ஷீட்ல படமே இல்லை மாமா, என்ன ஒட்டறது?"ன்னான். நெட்ல தேடி, சங்கரலிங்கனார் படம் ஒண்ணை பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். பெவிக்கால் தடவி கொஞ்சம் கோணலா ஒட்டினான்.

"இவரு யாரு மாமா?"

"நம்ம ஊர்க்காரர்டா."

"மதுரையா, ஸ்ரீவில்லிபுத்தூரா?"

ஹால்ல இருந்து அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டுது. விருதுநகர்னு சொன்னேன். அத்தான் டிவியை அணைச்சுட்டு வந்து பையன் பக்கத்துல உட்கார்ந்தார். "என்ன கதை, சொல்லு மாப்ள"ன்னார். மூணு பேரும் தரையில உட்கார்ந்து முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

டிஸ்கி 1: கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். இதுல மாற்றுக் கருத்து இருக்கிற மதுரைப் பதிவர்கள் பின்னூட்டத்துல கும்மலாம். அத்தானும் படிப்பார், பாத்து.

டிஸ்கி 2: விருதுநகர் பக்கம் போறவங்க எண்ணெய் பரோட்டா அவசியம் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு தேசபந்து மைதானம் எங்கன்னு யாரையாவது கேட்டு ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வாங்க. அடுத்த லீவுல நானும் பையனைக் கூட்டிட்டுப் போறேன்.